நாற்பத்தெட்டை மெழுகில் நிறுத்திய படலம்

வாழ்க, எண்ணை எழுத்தாக்கும் ஏந்தல்! வாழ்க, மூட்டைமலைகளின் நடுவே முகம் சுளிக்காது வீற்றிருக்கும் பார்சல் ஆபீஸ் பெருந்தகை! தராசு முள் தள்ளாடி நிற்குமுன்னே எடையைக் கண்ணால் கவர்ந்து, கண்ணால் கவர்ந்ததைக் கையால் இலக்கமாக்கி, இலக்கத்தைச் சொல்லாக்கி, சொல்லைச் சீட்டிலேற்றி, சீட்டைச் சணல்கயிற்றில் கோத்து, வெற்றிமாலை சூட்டுவது போல மூட்டையின் கழுத்தில் சூட்டி அனுப்பும் முத்தமிழ்க் கரத்தோன் வாழ்க! அன்னான் ஒரு மாலைப்பொழுதில், தன் இல்லக்கிழத்தியின் வயதைக் கேக்கின் மீது நட்டு நிறுத்தப் புறப்பட்டு, நட்டும் நிறுத்தியும் மீண்ட அருஞ்செயலை இங்கே வரிசை தவறாமல் சொல்லப் புகுகின்றோம். கேட்போர் செவி சாய்க்க. கேளாதோர் வேறு வேலை இருந்தால் பார்க்க.

முதற்கண் வீரனின் வலிமை.

எண்களைச் சொற்களாக மாற்றும் களத்தில் அவனுக்கு நிகர் அவனே. தொண்ணூற்றொன்பதுக்கும் தொள்ளாயிரத்து ஒன்பதுக்கும் நடுவே உள்ள வழுக்குப்பாறையில் கால் இடறி விழுந்த எழுத்தர்கள் அந்த ஆபீசில் எத்தனையோ பேர். ஒன்பது என்பது பத்துகளில் ஏறும்போது ஒரு வேடமும், நூறுகளில் ஏறும்போது இன்னொரு வேடமும் பூண்டு வரும் மாயக்காரன் என்பதை அறியாமல், "தொண்ணாயிரம்" என்று எழுதி மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கியவர்களும் உண்டு. நம் வீரனோ, எத்தனை நீளமான எண்ணானாலும், பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிற நேரத்துக்குள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஆயிரத்தை முன்னே நடத்தி, நூற்றைப் பின்னே விட்டு, ஒன்றைக் கடைசியில் உட்காரவைத்து, "மட்டும்" என்ற சொல்லால் கோட்டைக்கதவை அறைந்து சாத்திவிடுவான். அதற்குப்பின் எந்தக் கொம்பனாலும் அந்த எண்ணுக்குள் இன்னொரு எண்ணை நுழைக்க முடியாது.

இத்தகையோனுக்கும் ஒரு வடு இருந்தது. அது உடம்பில் பட்டதன்று; கேக்கில் பட்டது.

அவன் மனையாள் மருந்துக்கடையில் பணி புரிபவள். மருத்துவர்கள் கிறுக்கியதை, கிறுக்கிய மருத்துவர்களிடமே திரும்பக் கொடுத்தாலும் அவர்கள் படிக்க மாட்டாமல் விழிக்கையில், ஒரே பார்வையில் படித்துவிடும் கூர்விழியாள். மாத்திரை அட்டைகளை நாழிக்கு நூறு கிழித்தாலும் ஒரு மாத்திரை கூடாமலும் குறையாமலும் கொடுக்கும் நிறைகோல் நெஞ்சினள். அவளுக்கு இரண்டு வயது. அதாவது, மெய்யான வயது ஒன்று, அடையாள அட்டையில் உள்ள வயது ஒன்று. வந்த கதை இதுதான்: அவளுடைய அக்காளைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, தங்கை வராமல் தான் வகுப்புக்குள் காலை வைக்க முடியாது என்று அக்காள் வாசற்படியிலேயே புரண்டு அழுதிருக்கிறாள். தகப்பனார் பார்த்தார். தலைமையாசிரியர் மேசைக்கு முன் நின்று, சின்னவளுக்கும் வயது ஆகிவிட்டது என்று ஒரு போடு போட்டார். அந்த ஒரு வாய்ச்சொல்லில், இன்னும் பேச்சே திருந்தாத குழந்தை இரண்டு ஆண்டு மூப்படைந்து, அக்காளின் பெஞ்சியில், அக்காளின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே கல்வி பயிலத் தொடங்கியது. ஏட்டில் ஏறிய அந்த இரண்டு ஆண்டுகள் அதன்பின் எந்த அட்டையிலிருந்தும் இறங்கவில்லை.

கல்யாணமான புதிதில், பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, காற்றில் பறக்கிற முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இந்தக் கதையை அவள் அவனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அவனும் சிரித்திருக்கிறான். பிறகு மறந்துவிட்டான்.

மறந்தவன் சும்மா இருந்தானா என்றால் அதுவும் இல்லை. சென்ற ஆண்டு பிறந்தநாளுக்கு, தானே முன்வந்து, அவளுடைய அடையாள அட்டையைக் கைப்பையிலிருந்து களவாய் எடுத்து, பிறந்த ஆண்டை நடப்பு ஆண்டிலிருந்து முறைப்படி கழித்து, விடையைச் சரிபார்த்து, சரிபார்த்ததை மறுபடி சரிபார்த்து, கேக்கின் மேல் நாற்பத்தொன்பது என்று கிரீமால் எழுதுவித்தான். அவளுக்கு அன்று நாற்பத்தேழு. மருந்துக்கடைத் தோழியர் சூழ நின்று பார்க்க, அவள் அந்த எண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கத்தியை எடுத்து நாற்பத்தொன்பதை நடுவில் வெட்டினாள், "கேக் நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அன்று இரவு சமையலறையில் அவள் அக்காளோடு போனில் பேசியதுதான் அவன் மார்பில் பாய்ந்த வேல்.

"வயசுல என்னக்கா இருக்கு, ரெண்டு கூடினா கூடட்டும். நான் சொன்ன கதை அவருக்கு ஞாபகமே இல்ல. அதான்."

கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றவன், தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனான். அன்றே சூள் உரைத்தான்: அடுத்த பிறந்தநாளில், என் கையாலேயே, அவளுடைய மெய்வயதை, கடைத்தோழியர் அத்தனை பேர் கண் முன்னும், தப்பென்று ஒரு நாக்கு புரளாதபடி நிறுத்தாவிட்டால், இந்த விரலால் இனி எந்த மூட்டைக்கும் எடை எழுதேன்! இந்தச் சூளுரையைக் கேட்டது அந்தச் செம்பு மட்டுமே. ஆயினும் சூள் சூளே.

ஆண்டு சுழன்றது. நாள் வந்தது. அவளுக்கு மெய்யாக நாற்பத்தெட்டு, அட்டையில் ஐம்பது.

அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்து வீரன் களம் புறப்பட்டான். அவனது இருசக்கரத் தேரோ அன்று பார்த்து மெக்கானிக் கொட்டகையில் உறுப்பு உறுப்பாய்க் கழற்றப்பட்டு எண்ணெய்ச் சயனத்தில் கிடந்தது. ஆகவே வேறு வழியின்றி மைத்துனனின் தேரில் ஏற நேர்ந்தது. யார் இந்த மைத்துனன்? மனையாளின் தம்பி, உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றும் கடைக்காரன். அக்காள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த சிங்கக்குட்டி. சென்ற ஆண்டுக் கேக்கைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டு, அதற்கு இன்றுவரை சிரிப்புப் பொம்மை வந்துகொண்டிருக்கக் காரணமான கொடியவன். பகைவனையே பாகனாகக் கொண்டு போருக்குப் போன வீரர் பழங்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை எண்ணாமல் இவன் பின்னிருக்கையில் ஏறினான்.

"மாமா, இந்த வருஷம் எவ்வளவு போடப்போறீங்க? அறுபதா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு மாப்ளே."

பேக்கரியின் கண்ணாடிக்கதவு திறந்தது. உள்ளே, கிரீம்மலைத் தொடர்களுக்கும் ரொட்டி அடுக்குகளுக்கும் அரசியாக, தலையில் வலைத்தொப்பி முடிபுனைந்து, கையில் கிரீம் பொதிந்த கூம்பைச் செங்கோலாய் ஏந்தி நின்றாள் பேக்கரி அம்மாள். மனையாளுக்கு விருப்பமான கேக் ஒன்றே ஒன்று. மேலெல்லாம் செர்ரிப்பழம் செறிந்து, சீவிய சாக்லேட் சருகு போலப் படர்ந்து, ஓர் அங்குலம்கூட வெறுந்தரை இல்லாத அடர்வனக் கேக். அதன் மீது நாற்பத்தெட்டு என்று சொல்லாலேயே பொறிக்க வேண்டும் என வீரன் ஆணையிட்டான். ஏனெனில் சொல் அவன் சொந்தப் படைக்கலம். அம்மாள் கேக்கையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். இதன் மேல் எழுதினால் எழுத்து செர்ரி மேல் ஏறி இறங்கி, கடைசியில் அது நாற்பதா நானூறா என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும் என்றும், எழுத்து வேண்டுமானால் வழுவழுப்பான கேக்கை எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னாள். வழுவழுப்பான கேக்கை மனையாள் வெட்டுவதோடு சரி, வாயில் வைக்கமாட்டாள் என்பதைச் சென்ற ஆண்டே கண்டாயிற்று. சொற்படை களத்தில் இறங்குமுன்பே தோற்றது.

அடுத்து எண்படை. எண் வடிவ மெழுகுவத்திப் பெட்டியை அம்மாள் கவிழ்த்தாள். அந்தோ! நான்கு கிடைத்தது, எட்டு கிடைக்கவில்லை. ஏழு இருந்தது, ஒன்பது ஏராளமாய் இருந்தது, எட்டு மட்டும் பூண்டற்றுப் போயிருந்தது.

"எட்டு நிக்கறதே இல்ல சார். ஊருக்கெல்லாம் இந்த மாசம் பதினெட்டு முடியுது."

"ஒன்பது இருக்கே மாமா," என்றான் மைத்துனன், ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டி. "நமக்குப் பழக்கப்பட்ட நம்பர்தானே."

அந்த ஒன்பதைக் கண்டதும் வீரனின் உடல், வெட்டுண்ட இடத்தில் மீண்டும் வாளைக் கண்டவன் உடல்போல நடுங்கிற்று. பல்லைக் கடித்தான். பக்கவாட்டில் இன்னொரு பெட்டி இருந்தது. கேக்கில் பெயர் நிறுத்துவதற்கென்று விற்கும் ஆங்கில எழுத்து மெழுகுவத்திகள் அதில் உதிரியாய்க் கிடந்தன. அவற்றால் அவனுக்கு என்ன பயன்? கையைப் பிசைந்தபடி அண்ணாந்து பெருமூச்சு விட்டான். விட்ட இடத்தில், அடுப்புக்கு மேலே, மாவு படிந்த முகத்தோடு ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கிற்று. அதில் எண்கள் எண்களாக இல்லை, எழுத்துகளாக நின்றன.

ரோமானிய எண்! ஐ என்னும் ஒற்றைக்கோல் ஒன்று. வி என்னும் விரிந்த கை ஐந்து. எக்ஸ் என்னும் பெருக்கல் வாள் பத்து. எழுத்தே எண்ணாகும் அந்த நாட்டை அவன் சிறுவயதில் எல்லையோரமாக நின்று பார்த்ததுண்டு. பள்ளிக்கூடத்து வகுப்பறைக் கதவுகளில் அந்த நாட்டுக் கொடிகள்தாம் பறந்தன. ஆனால் வகுப்பும் பன்னிரண்டோடு நின்றது. கடிகாரமும் பன்னிரண்டோடு நின்றது. பன்னிரண்டுக்கு அப்பால் இருந்ததெல்லாம் அவனுக்குக் காடு. அந்தக் காட்டின் நடுவே, நாற்பத்தெட்டாம் குகையில், அவன் மனையாளின் வயது ஒளிந்திருந்தது. அதைக் கொம்பைப் பிடித்து இழுத்து வர வேண்டும்.

"போன்ல தட்டினா உடனே வந்துடும் மாமா," என்று கையை நீட்டினான் மைத்துனன்.

வீரன் தலையசைத்து மறுத்தான். சென்ற ஆண்டு அட்டையை நம்பியவன் இந்த ஆண்டு போனை நம்பினால் சூளுக்கு என்ன பெறுமதி? ஐம்பதுக்கு எந்த எழுத்து என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னான். மிச்சத்தைத் தன்னிடம் விடச் சொன்னான். மைத்துனன் பார்த்தான். "எல்லாம்," என்றான்.

"எல்லாமா? எந்த எழுத்து?"

"எல்-னு சொன்னேன் மாமா. சட்டையில போட்டிருக்குமே, அந்த எல். ஐம்பது."

இப்போது பாருங்கள் வீரனின் மதிநுட்பத்தை! கண்களை மூடினான், உதடுகள் அசைந்தன, ஆட்காட்டிவிரல் கண்ணாடிப் பலகையில் படிந்த மாவின் மீது கோலம்போட்டது. நாற்பத்தெட்டென்னும் கோட்டையை நாற்பது என்றும் எட்டு என்றும் இரண்டாய்ப் பிளந்தான். எட்டு எளிதில் பணிந்தது: விரிந்த கை ஒன்று, அதன் பின் ஒற்றைக்கோல் மூன்று, வி, ஐ, ஐ, ஐ. நாற்பதுதான் முரண்டு பிடித்தது. நான்கு பத்துகளை வரிசையாய் நிறுத்துவதா? கடிகாரத்தை நோக்கினான். அங்கே நான்குமணிக்கு நான்கு கோல்கள் வேலிபோல நின்றன, ஆகா, நிறுத்தலாம். ஆனால் அதே கடிகாரத்தில் ஒன்பதுமணிக்கு ஐந்தும் நான்கு கோலும் இல்லை; பத்துக்கு முன்னே ஒரு கோல், பெரியவர் வீட்டு வாசலில் கடன் கேட்க வந்தவன்போல ஒதுங்கி நின்றது. ஒரே முகத்தில் இரண்டு சட்டமா? நீதி தேவதை மாவு படிந்து கண் மயங்கினாளா? வீரன் குழம்பினான், வியர்த்தான். அவனுக்குப் பின்னால் ரொட்டி வாங்க வந்த இருவர் இருமினார்கள்.

முட்டுக்கட்டையை உடைத்தது பேக்கரி அம்மாளின் கையிருப்பு. பெட்டியைத் துழாவி, எக்ஸ் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அந்த எழுத்து யார் பெயரிலும் வருவதில்லை என்பதால் கூடுதலாய் வாங்கிவைப்பதில்லை என்று அவள் சொன்ன மாத்திரத்தில் வீரனுக்கு விடிந்தது. இருப்பது ஒரு பத்து. அதைப் பின்னே வைத்தால் கூடும், அறுபதாகும். முன்னே வைத்தால் குறையும், நாற்பதாகும். சிறியது பெரியதன் முன் நின்றால் கழிவு! பின் நின்றால் கூட்டு! ஆகா, எத்தனை எளிய அரசநீதி! எக்ஸை முன்னிறுத்தினான், எல்லைப் பின்னிறுத்தினான், அவற்றின் பின்னே வியையும் மூன்று ஐ-களையும் அணிவகுத்தான். XLVIII. ஆறு வீரர் கொண்ட அப்படை, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய், கண்ணாடிப் பலகைமீது மினுமினுத்தது. மைத்துனன் போனில் ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அதுவே ஒப்புதல்.

பார்சல் ஆபீஸ் வழக்கப்படி வீரன் அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லியும் முடித்தான்: "நாற்பத்தெட்டு மட்டும்." ரொட்டி வாங்க வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

மீளும் படலத்தில்தான் ஊழ் தன் பல்லைக் காட்டிற்று. கேக்குப் பெட்டியை வீரன் இரு கைகளாலும் ஏந்தவேண்டியிருந்ததால், மெழுகுவத்திப் பொட்டலத்தைப் பாகன் வாங்கி, எங்கோ செருகிக்கொண்டு வண்டியை முடுக்கினான். சென்றது தேர்! சந்தின் முனையில் நாய் ஒன்று நடுச்சாலையில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது; அது எழவில்லை; தேர் வளைந்தது. வேகத்தடை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து முதுகெழுப்பிய முதலைபோலக் கிடந்தது, தேர் எகிறியது, பாகன் வானில் எழுந்து தொப்பென்று இருக்கையில் விழுந்தான். வீரனோ, பாற்குடத்தைத் தலைச்சுமையாய்க் கொண்டு கயிற்றின்மேல் நடப்பவன்போல, உடம்பெல்லாம் வில்லாய் வளைந்து கொடுத்தும் கைகள் இரண்டை மட்டும் அசையாமல் வைத்து, செர்ரி ஒன்றும் உருளாமல் கேக்கைக் காத்தான். வீட்டுவாசலில் இறங்கியதும் பெட்டியைத் திறந்து பார்த்து, வென்றோம் என்று நெஞ்சு விம்மினான். நாற்காலிகளை ஒதுக்கினான், மேசையைத் துடைத்தான், கேக்கை நடுவில் வைத்தான், கையை நீட்டினான்.

"மெழுகுவத்தி எடு மாப்ளே."

மைத்துனன் சட்டைப்பையைத் தடவினான். பக்கவாட்டுப் பைகளைத் தடவினான். பிறகு அவன் கை மெல்ல மெல்லப் பின்பக்கம் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

"மாமா, திட்டக்கூடாது."

ஐயகோ! வழிநெடுக அவன் நாற்பத்தெட்டின் மீது உட்கார்ந்து வந்திருக்கிறான்! பொட்டலத்தைப் பிரித்தபோது கண்ட காட்சியை எவ்வாறு உரைப்போம்? பெருக்கல் வாளாம் எக்ஸ், இரு வாள்களும் சந்திக்கும் இடுப்பில் முறிந்து, பொடிப்பொடியாய், திரி மட்டும் நரம்புபோல வெளியே தொங்கக் கிடந்தான். விரிந்த கையாம் வி, முழங்கையில் ஒடிந்து மாண்டான். ஒற்றைக்கோல் மூவரில் ஒருவன் நசுங்கி, பாகனின் உடம்புச்சூட்டில் இளகி, பொட்டலத்தாளோடு தாளாய் ஒட்டிவிட்டான். நீலமும் மஞ்சளும் கலந்த குருதி மடிப்பெல்லாம் வழிந்திருந்தது. எஞ்சியோர் மூவரே: ஐ ஒருவன், இன்னோர் ஐ, எல் ஒருவன். அம்மூவரும் மேசைமீது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கிடந்தனர்.

அந்நேரம் பார்த்துத் தெருவில் அவளுடைய வண்டி நின்ற ஓசை கேட்டது. படிக்கட்டில் மருந்துக்கடைத் தோழியரின் சிரிப்பொலி, முற்றுகைக்கு வரும் படையின் முரசொலிபோல ஏறி ஏறி வந்தது. பேக்கரிக்குத் திரும்ப நேரமில்லை. மைத்துனன் குற்றவுணர்ச்சி தாங்காமல், கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் வழி ஒன்றைச் சொன்னான்.

"எல் முழுசா இருக்கு மாமா. அதை மட்டும் நட்டுடுங்க. கார்டுப்படி அக்காவுக்கு இந்த வருஷம் ஐம்பதுதானே. யாரு கேக்கப்போறா?"

யார் கேட்கப்போகிறார்கள்! வீரனின் காதில் அந்தப் பழைய போன்பேச்சு மீண்டும் ஒலித்தது. எல்லைக் கையில் எடுத்தான். தோழியர் கைதட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். ஒருத்தியும் தப்புக் கண்டுபிடிக்கமாட்டாள். அவள் மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, கேக் நல்லா இருக்கு என்பாள். அந்த வாக்கியத்தை இன்னொருமுறை கேட்பதைவிட மூட்டைக்கடியில் நசுங்கிச் சாவது மேல் என்று அவனுக்குத் தோன்றிற்று.

ஐம்பது. அட்டையிலுள்ள ஐம்பது. தலைமையாசிரியரின் மேசைமுன் தகப்பனார் ஒரு வாய்ச்சொல்லால் ஊதிப் பெருக்கிய ஐம்பது. அதற்குள் இரண்டு ஆண்டு பொய் இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் மிஞ்சுவது அவள். எடுப்பது எப்படி? கூட்டுவதற்குப் பின்னே நிற்க வேண்டும். கழிப்பதற்கு முன்னே நிற்க வேண்டும். மேசைமீது கோல்கள் இரண்டு கிடந்தன. இரண்டே இரண்டு.

மின்னல் வெட்டியது வானத்திலன்று, வீரனின் உச்சந்தலையில். எல்லைக் கேக்கின் நடுவில் நட்டான். அதன் இடப்பக்கம், முன்னே, அக்காளும் தங்கையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தாற்போல, இரண்டு ஐ-களையும் ஒட்டி ஒட்டி நட்டான். IIL.

மைத்துனன் எட்டிப்பார்த்தான். அவன் கண்டிப்பில் நியாயம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்வோம்.

"தப்பு மாமா. இப்படி ஒரு நம்பரே கிடையாது. ரெண்டு ஐ-யை முன்னாடி வைக்கக்கூடாது, அதுவும் எல்லுக்கு முன்னாடி வைக்கவே கூடாதாம். இந்தாங்க, போன்லயே போட்டிருக்கு."

"இருக்கட்டும்," என்றான் வீரன். "பத்தவை."

கதவு திறந்தது. தோழியர் புடைசூழ அவள் உள்ளே வந்தாள், நாளெல்லாம் நின்ற கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்தாள், கைப்பையை ஆணியில் மாட்டினாள், மேசையை நோக்கினாள். மூன்று சுடர்கள் நிமிர்ந்து எரிந்தன. தோழியருள் ஒருத்தி, இது யாருடைய பெயரின் முதலெழுத்து என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். இன்னொருத்தி, கடையில் எழுத்து தீர்ந்திருக்கும், பாவம் என்றாள். மைத்துனன், இதற்கும் எனக்கும் தொடர்பில்லை என்ற முகத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

அவள் மேசையை நெருங்கினாள். குனிந்தாள். மாத்திரையின் எண்ணிக்கையை ரோமானிய எண்ணில் கோல்கோலாய்க் கிழித்தெழுதும் கிழட்டு மருத்துவர் ஒருவரின் சீட்டை அன்றாடம் படித்துப் பழகிய கண்கள், இடமிருந்து வலம் ஒருமுறை சென்றன. வலமிருந்து இடம் ஒருமுறை மீண்டன. அந்தக் கணப்பொழுதில் வீரனுக்கு ஊழி ஒன்று கழிந்தது. ஏழு கடலும் ஒருங்கே வற்றி ஒருங்கே நிறைந்தன. இதயம் என்னும் பேரிகை, சட்டைப்பையில் இருந்த பேனாவை உலுக்கிற்று.

அவளுடைய விரல் எல்லைச் சுட்டியது. "இது கார்டுல இருக்கறது." பிறகு, சுடர் சுடாத தூரத்தில் வைத்து, முன்னே நின்ற இரண்டையும் தடவுவதுபோல அசைந்தது. "இது அப்பா போட்டது."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அந்த பஸ்ல சொன்னது. ஞாபகம் வெச்சிருக்கீங்களா?"

எண்களைச் சொல்லாக்குவதில் எதிரியற்றவன், எத்தனை ஆயிரமானாலும் எழுதி முடித்து "மட்டும்" போட்டுக் கதவை அறையும் பேராற்றலன், அப்போது ஒரு சொல்லும் வராமல், தலையை ஆட்டினான். ஆட்டிய தலையை நிறுத்தவும் மறந்தான். அவள் சிரித்தாள். ஜன்னலோரத்துச் சிரிப்பு அது. காற்று மட்டும்தான் இல்லை.

அப்போது, ஆகா, அப்போது திக்குகள் எட்டும் அதிர்ந்தன! பார்சல் ஆபீசில் பூட்டிக்கிடந்த மூட்டைகளெல்லாம் தாமாகவே எடை குறைந்து துள்ளின! ரோமானிய நாட்டு எழுத்துகள் ஏழும் தத்தம் சட்டப்புத்தகங்களை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்று, சட்டம் மீறிய அந்த மூவரைத் தம் குலத்தில் சேர்த்துக்கொண்டன! தகப்பனார் ஏற்றிவிட்ட ஆண்டுகள் இரண்டும், இத்தனைகாலம் இறங்கும் துறை தெரியாமல் அலைந்தவை, சுடராய் எரிந்து, புகையாய் எழுந்து, கூரை முகட்டில் கரைந்து விண்ணேறின! தோழியரின் கைத்தட்டல் அண்டகோளத்தை முட்டிற்று. பாகனும் பகைமறந்து, கேக்கைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கி, பின் ஏதோ நினைத்து அதைப் பையில் போட்டுக்கொண்டு, தானும் கைதட்டினான்! வெற்றித்திருமகள் வீரனின் தோளில் வந்து அமர்ந்தாள். மனையாள் மூச்சை நிறைத்து, கன்னம் குவித்து, ஊழிக்காற்றென ஊத, மூன்று சுடரும் ஒருசேர வணங்கி அணைந்தன!

கேக்கில் கொஞ்சம் மெழுகு சொட்டியிருந்தது. அதைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள்.